நாற்பது நிமிடம் உட்கார வைத்ததற்கு நன்றி

முகாமிலிருந்து திரும்பிய ஒரு வாரத்துக்குள் எழுதித் தருகிறேன் என்று சொல்லியிருந்தேன். ஐந்து வாரம் ஓடிவிட்டது. முதலில் அதற்கு மன்னித்துவிடுங்கள். ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக எழுதத்தான் தொடங்கினேன். மூன்றாவது கடிதத்திலேயே சொன்னதையே சொல்லிக்கொண்டிருந்தேன். சரி, எல்லோருக்குமாக ஒரே மடலாக எழுதிவிடலாம், யாருக்கு எதற்காக நன்றி என்று மற்றவர்களுக்கும் தெரியட்டும் என்று விட்டுவிட்டேன்.

கோடை விடுமுறையில் பத்து நாள் இயற்கை முகாம் என்றதும் என் மனத்தில் ஓடிய படமே வேறு. மரம் நடுவோம், அடிபட்ட விலங்கைக் காப்பாற்றுவோம், படம் எடுத்துப் போடுவோம். உண்மையைச் சொன்னால், நான் வராததுதான் காட்டுக்கு ஒரே குறை என்கிற நினைப்பு.

இரண்டாம் நாள் காலையிலேயே அந்த நினைப்புக்கு வேலை வந்தது. பாதையோரம் ஒரு சின்னான் குஞ்சு உட்கார்ந்திருந்தது. வால் பாதிதான் வளர்ந்திருந்தது, பறக்கத் தெரியவில்லை, வாயைத் திறந்து கத்திக்கொண்டே இருந்தது. சுற்றிலும் தாயைக் காணோம். தொப்பிக்குள் எடுத்து வைத்துக்கொண்டு முகாமுக்கு ஓடினேன். எல்லோரும் பாராட்டப் போகிறார்கள் என்று முகத்தை வேறு தயாராக வைத்திருந்தேன்.

பொறுப்பாளர் அக்கா தொப்பிக்குள் ஒரு முறை பார்த்தார். "எங்கேருந்து எடுத்த? அதே இடத்துக்குக் கூட்டிட்டுப் போ" என்றார். அவ்வளவுதான். திட்டவில்லை. திட்டியிருந்தால் எதிர்த்துப் பேசியாவது இருப்பேன்.

போகிற வழியில்தான் விளக்கினார். உடம்பில் இறகில்லாமல், கண் திறக்காமல் கிடந்தால் அது கூட்டிலிருந்து விழுந்த குஞ்சு. கூடு தெரிந்தால் திரும்ப வைத்துவிடலாம். இறகு முளைத்து, தத்தித் தத்திப் போகிறதென்றால் அது விழவில்லை, தானாகவே வெளியே வந்திருக்கிறது. பல பறவைகளின் குஞ்சுகள் நன்றாகப் பறக்க வருவதற்கு முன்பே கூட்டை விட்டுவிடும். தரையிலும் புதரிலுமாகச் சில நாட்கள் திரியும், தாயும் தகப்பனும் அங்கேயே வந்து ஊட்டும். மனிதக் கை பட்டால் தாய் சேர்க்காது என்று நான் கேட்டுக் கேட்டு வளர்ந்த கதையும் சரியில்லையாம். தொட்டதற்காகக் குஞ்சைக் கைவிடுகிற வழக்கம் பறவைகளுக்கு இல்லை. நாம் பக்கத்திலேயே நின்றால்தான் பயந்துபோய் வராது.

குஞ்சைப் பக்கத்துப் புதரின் தாழ்ந்த கிளையில் வைத்தோம். தூரமாக ஒரு பாறைக்குப் பின்னால் என்னை உட்கார வைத்துவிட்டு, "ஒண்ணும் செய்யாத. மணியை மட்டும் பார்த்து எழுது" என்று சொல்லிவிட்டு அக்காவும் உட்கார்ந்தார். 7.10. எறும்பு கடித்தது. 7.25. கால் மரத்துவிட்டது. 7.40க்கு, வராது அக்கா, செத்துவிடும் என்று கிசுகிசுத்தேன். 7.50க்கு அலகில் ஒரு பச்சைப் புழுவோடு தாயோ தகப்பனோ வந்தது (சின்னானில் ஆண் பெண் பார்வைக்கு ஒரே மாதிரிதான்), ஊட்டிவிட்டுப் போனது. நான்கு நிமிடத்தில் இன்னொரு முறை வந்தது. அவ்வளவு நேரமும் அது அங்கேயே எங்கேயோதான் இருந்திருக்கிறது. நான்தான் இடைஞ்சல்.

அக்கா, அந்த நாற்பது நிமிடத்துக்கு நன்றி. முகாமில் அதற்குப் பிறகு கற்றதெல்லாம் எனக்கு அந்தப் பாறையிலிருந்தே தொடங்குகிறது.

அடுத்து வனக்காவலர் அண்ணா. ஈர மண்ணில் இருந்த ஒரு காலடித் தடத்தைக் காட்டி நாயா பூனையா என்று கேட்டீர்கள். நான் புலி என்றேன். நீங்கள் சிரிக்காமல் இருந்ததற்கே தனியாக ஒரு நன்றி சொல்ல வேண்டும். பூனை இனம் நடக்கும்போது நகத்தை உள்ளிழுத்துக்கொள்ளும், நாய்த் தடத்தில் நகக்குறி தெரியும் என்று காட்டியபோது, என் புலிக்கு நான்கு நகமும் தெளிவாகத் தெரிந்தது. அதில் பிளாஸ்டர் ஆஃப் பாரிஸ் ஊற்றி அச்சு எடுத்தோம். முதல் கலவையில் தண்ணீர் கூடிப்போய் அது காயவே இல்லை. இரண்டாவது, அரை மணி நேரம் காத்திருந்து எடுத்தது, இப்போது என் மேசைமேல் இருக்கிறது. பார்க்கிறவர்களிடம் நாய் என்றே சொல்கிறேன்.

ஓடையில் வலை பிடிக்கக் கற்றுத்தந்த ஆசிரியருக்கு நன்றி. நீரில் இறங்கிக் கல்லைப் புரட்டினால் இத்தனை உயிர் இருக்கும் என்று நான் நினைத்ததில்லை. மணலையும் குச்சியையும் பட்டு இழையால் ஒட்டித் தனக்கு ஒரு குழாய் வீடு கட்டிக்கொள்ளும் கேடிஸ் ஈயின் புழு, வயிற்றின் இருபுறமும் செவுள் விசிறும் மேஃபிளை இளம்பூச்சி. இவை நிறைய இருந்தால் நீரில் உயிர்வளி (ஆக்சிஜன்) நன்றாக இருக்கிறது என்று பொருள். கீழே, நீர் தேங்கிக் கறுத்த இடத்தில் அவை ஒன்றுகூட இல்லை. சிவப்புப் புழுக்கள் மட்டும். நம் இரத்தத்தில் இருக்கிற ஹீமோகுளோபின் அவற்றிலும் இருப்பதால்தான் அந்த நிறம், கொஞ்சம் உயிர்வளி இருந்தாலும் அதை வைத்துச் சமாளித்துவிடும் என்றார். பார்த்த எல்லாவற்றையும் திரும்ப நீரிலேயே விடவைத்தார், கல்லையும் கிடந்தபடியே புரட்டி வைக்கவைத்தார்.

இரவில் வெள்ளைத் துணியும் விளக்கும் கட்டி அந்துப்பூச்சி பார்த்தபோதும் இதே கதைதான். இன்னும் கொஞ்ச நேரம் என்று கெஞ்சக் கெஞ்ச விளக்கை அணைத்துவிட்டார்கள். விடியும்வரை விளக்கு எரிந்தால் பூச்சிகள் துணியிலேயே தங்கிவிடும், காலையில் பறவைகளுக்கு விருந்தாகிவிடும். துணியை மெதுவாக உதறிவிட்டுத்தான் படுத்தோம்.

முகம் தெரியாத ஒருவருக்கும் நன்றி. எந்த ஊர், எந்த நாடு என்றுகூடத் தெரியாது. பார்த்த உயிரினத்தின் படத்தைப் போட்டால் மற்றவர்கள் அது என்னவென்று சொல்லும் ஐநேச்சுரலிஸ்ட் செயலியில் நான் தேனீ என்று போட்ட படத்துக்குக் கீழே, இது ஈ, இறக்கையை எண்ணிப் பாருங்கள் என்று எழுதியவர் அவர். எண்ணினேன். தேனீக்கு நான்கு, இதற்கு இரண்டு. கொட்டவே தெரியாத ஒரு ஈ, தேனீயின் சட்டையைப் போட்டுக்கொண்டு எல்லோரையும் மிரட்டிக்கொண்டிருக்கிறது. கோபம் வரவில்லை, அந்த ஈயின் மேல் மரியாதைதான் வந்தது.

சமையற்கட்டில் இருந்த அக்காமார்கள், தட்டில் மிஞ்சியதை ஒவ்வொரு இரவும் எடைபோட்டுப் பலகையில் எழுதி எங்களை வெட்கப்பட வைத்தீர்கள். நன்றி. பைனாகுலர் இரவல் தந்த நூலகர் ஐயா, பைனாகுலரைத் திருப்பிக் கொடுத்துவிட்டேன், கழுத்துப் பட்டை மட்டும் என் பையில் இருக்கிறது, கொண்டுவந்து தருகிறேன். என் கட்டணத்தைக் கட்டியவர் பெயர் சொல்ல வேண்டாம் என்றிருக்கிறார். அதனால் சொல்லவில்லை. ஆனால் அவர் இதைப் படிப்பார் என்று தெரியும்.

கடைசியாக, உண்ணிச்செடி அகற்றக் கூட்டிப்போன பெண்கள் குழுவுக்கு. அமெரிக்க வெப்ப நாடுகளிலிருந்து தோட்ட அழகுக்காகக் கொண்டுபோன செடி, இன்று உலகத்தின் எத்தனையோ காடுகளில் அடைத்துக்கொண்டு நிற்கிறது. நான் அரிவாளை எடுத்து மேலே மேலே வெட்டித் தள்ளினேன். "அப்படி வெட்டினா ஒண்ணு ஒன்பதாத் தளிர்க்கும்" என்று மூத்த அக்கா கையைப் பிடித்து நிறுத்தினார். மண்ணுக்குச் சற்றுக் கீழே, தண்டும் வேரும் சேருகிற இடத்தைத் தோண்டி அறுக்க வேண்டும். பிறகு தலைகீழாகக் கவிழ்த்துப் போட வேண்டும், வேர் மண்ணைத் தொடாமல் காய்ந்துவிடும். அதோடும் முடியாது. பறவை தின்று போட்ட விதைகள் மழைக்குப் பிறகு முளைக்கும், அவற்றை வருடா வருடம் வந்து பிடுங்க வேண்டும். அந்த விதையைக் கொண்டுபோய்ப் போடுகிற பறவைகளில் சின்னானும் ஒன்று என்று சொன்னபோது, என் தொப்பியில் உட்கார்ந்திருந்த குஞ்சு நினைவுக்கு வந்தது. கொஞ்சம் குழப்பமாகத்தான் இருந்தது. இன்னும் இருக்கிறது.

அன்று மதியம் ஒரு புதரை மட்டும் நீங்கள் தொடவிடவில்லை. உள்ளே கிண்ணம் போல ஒரு கூடு, மூன்று முட்டை. பழைய துணி ஒன்றைக் கிழித்துக் கிளையில் அடையாளமாகக் கட்டிவிட்டு அடுத்த புதருக்குப் போய்விட்டீர்கள். பிடுங்க வந்த செடியையே காவல் காத்துவிட்டுப் போகிறவர்களை அன்றுதான் பார்த்தேன்.

ஐந்து வாரம் ஆயிற்று அக்கா. கூடு இந்நேரம் காலியாகியிருக்கும். அந்தப் புதரை இன்னும் எடுக்கவில்லையென்றால் ஒரு வார்த்தை சொல்லியனுப்புங்கள். ஞாயிற்றுக்கிழமை வந்துவிடுகிறேன். எங்கே அறுக்க வேண்டும் என்று இப்போது தெரியும்.