நாடகத்தைப் பாடமாக்குங்கள், இன்னொரு மனப்பாடமாக்கிவிடாதீர்கள்

பெறுநர்: பள்ளிக் கல்வித் துறைச் செயலாளர் அவர்கள்

பொருள்: இடைநிலை வகுப்புகளில் நாடகத்தையும் அரங்கியலையும் பாடமாக வைத்து, வாரத்தில் ஒரு நாள் அடுத்தடுத்த இரண்டு பாடவேளை ஒதுக்கக் கோருதல் தொடர்பாக

மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு,

வணக்கம். நான் ஒரு பள்ளியில் தமிழாசிரியை. பள்ளி விட்ட பிறகு, மணி அடித்த களைப்போடு உட்கார்ந்திருக்கும் பிள்ளைகளை வைத்துப் பல வருடங்களாக நாடகம் சொல்லிக் கொடுத்து வருகிறேன். மனு என்றால் இப்படித்தான் எழுத வேண்டும் என்று ஒரு முறை இருக்கிறது, எனக்கும் தெரியும். ஆனால் அந்த நடையில் எழுதினால் நீங்களும் முதல் பத்தியோடு கையெழுத்துப் போட்டு அடுத்த மேசைக்குத் தள்ளிவிடுவீர்கள், அதனால் பேசுகிற மாதிரியே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பள்ளிகளில் இப்போது நாடகம் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கிறது, வருடத்துக்கு ஒரு முறை ஆண்டு விழாவில். விழாவுக்கு மூன்று வாரம் இருக்கும்போது யாராவது ஒரு ஆசிரியர் வசனம் எழுதுவார், உரத்த குரல் உள்ள பையன் ராஜா ஆவான், போன வருடமும் அவன்தான் ராஜா. மற்றவர்கள் மரமாகவும் காவலாளியாகவும் நிற்பார்கள். ஒத்திகை என்றால் "சத்தமா சொல்லு, சத்தமா சொல்லு" என்று கத்துவது. மேடையில் மைக் முன்னால் வரிசையாக நின்று ஒப்பித்துவிட்டு இறங்குவார்கள், பெற்றோர் கைதட்டுவார்கள். இதில் பிள்ளை கற்றுக்கொண்டது என்ன என்று கேட்டால் என்னால் நேர்மையாகப் பதில் சொல்ல முடியாது. சில வருடம் நானே அப்படித்தான் செய்தேன்.

மாறியது ஒரு வகுப்பில். சிலப்பதிகாரத்தின் வழக்குரை காதையை நடத்திக்கொண்டிருந்தேன், வழக்கம்போல் பாதிப் பேர் தூங்கிக்கொண்டிருந்தார்கள். சரி என்று ஒரு நாற்காலியை நடுவில் போட்டு ஒரு மாணவனை உட்கார வைத்தேன். "நீ பாண்டியன். மற்றவர்கள் எது வேண்டுமானாலும் கேட்கலாம், நீ பாண்டியனாகவே பதில் சொல்ல வேண்டும்." இது நாடக ஆசிரியர்கள் உலகம் முழுக்கச் செய்யும் எளிய பயிற்சி. முதல் கேள்வி, "ஏன் விசாரிக்காமக் கொல்லச் சொன்னீங்க?" பையன் சொன்னான், "பொற்கொல்லன் சொன்னான், நம்பினேன்." அடுத்து ஒரு பெண் எழுந்து, "அவன் சொன்னப்போ நீங்க எங்க போயிட்டிருந்தீங்க?" என்று கேட்டாள். பாண்டியனுக்குப் பதில் தெரியவில்லை. வகுப்பே புத்தகத்தைப் புரட்ட ஆரம்பித்தது, பாடப்பகுதியில் இல்லாததால் நூலகத்திலிருந்து முழு நூலையும் கொண்டுவரச் சொல்லி, முன்னால் வரும் கொலைக்களக் காதையைத் தேடினார்கள். அரசவையில் நடந்த ஆடல் பாடலில் அரசன் மனம் மயங்கிவிட்டான் என்று கோப்பெருந்தேவி ஊடல் கொண்டு, தலைவலி என்று சொல்லிவிட்டு எழுந்து போகிறாள். அவளைச் சமாதானப்படுத்தப் பாண்டியன் அவசரமாகப் போகிற வழியில்தான் பொற்கொல்லன் குறுக்கே வந்து விழுகிறான். அதாவது ஒரு உயிர் போன தீர்ப்பு, மனைவியின் கோபத்தைத் தணிக்கப் போகிற அவசரத்தில் வாசலில் நின்றபடியே சொல்லப்பட்டது. இதை நான் ஒரு வார்த்தை சொல்லிக் கொடுக்கவில்லை. பரீட்சைக்காக இருபது முறை "தேரா மன்னா" எழுதிய பிள்ளைகள் அன்றுதான் அந்தக் காதையைப் படித்தார்கள்.

எனக்கு வேண்டியது இந்த மாதிரி வகுப்பு. இது ஒரு பாடவேளையில் நடக்காது என்பதுதான் இந்த மனுவின் முதல் சிக்கல். நாற்பது நிமிடம் என்கிறோம். முந்தைய ஆசிரியர் வெளியே போக, மேசைகளைச் சுவரோரம் தள்ள, உடலையும் குரலையும் தயார்படுத்த என்றே பதினைந்து நிமிடம் போய்விடும். ஐந்தாறு பேராகப் பிரிந்து ஒரு காட்சியை யோசித்து எழுந்து நிற்கும்போது மணி அடிக்கும். செய்ததைப் பார்த்துப் பேசுவதற்கு நேரமே இருக்காது, அந்தப் பேச்சில்தான் படிப்பே இருக்கிறது. அறிவியல் செய்முறைக்கு இரட்டைப் பாடவேளை கொடுக்கிறோமே, அதே நியாயம்தான் இதற்கும்.

அந்த வேளையை யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது என்றும் ஆணையில் ஒரு வரி சேர்த்துவிடுங்கள். நான் முன்பு வேலை பார்த்த ஒரு பள்ளியில் வெள்ளிக்கிழமை கடைசி வேளை நாடகம் என்று கால அட்டவணையில் அழகாக அச்சிட்டிருந்தார்கள். அந்த வருடம் முழுக்க அந்த வேளையில் கணக்குத் தேர்வுதான் நடந்தது. கணக்கு ஆசிரியர் மேல் எனக்குக் கோபம் இல்லை, அவருக்கு மார்க் காட்ட வேண்டிய நெருக்கடி. பாடமாக எண்ணப்படாத எதற்கும் பள்ளியில் இடம் கிடையாது, அவ்வளவுதான்.

அடுத்து அரங்கம். தயவுசெய்து யாரும் இந்த மனுவைக் காரணம் காட்டி மேடையும் திரையும் கட்ட நிதி கேட்க வேண்டாம். கட்டிடம் வரும் வரை பாடம் தொடங்காது என்று ஒரு சாக்கு உருவாகும். எங்களுக்கு வேண்டியது காலியான, கதவு மூடுகிற ஒரு அறை. மேடை அளவைப் பற்றிப் படிக்க வேண்டுமென்றால் சிலப்பதிகாரத்தின் அரங்கேற்று காதையே போதும்: இருபத்து நான்கு விரல் கொண்டது ஒரு கோல், ஏழு கோல் அகலம், எட்டுக் கோல் நீளம், ஒரு கோல் உயரம், போக ஒரு வாசல், வர ஒரு வாசல், மூன்று விதமான திரை. பிள்ளைகளிடம் சாக்பீஸைக் கொடுத்து இதைத் தரையில் வரையச் சொன்னேன். ஒவ்வொரு குழுவுக்கும் ஒவ்வொரு அளவு வந்தது, யார் விரலால் அளப்பது என்று பெரிய சண்டை. அளவுக்கு ஏன் ஒரு பொது அலகு வேண்டும் என்று அன்று யாருக்கும் தனியாக விளக்க வேண்டியிருக்கவில்லை. அதே காதையில் தூணின் நிழல் அரங்கில் விழாதபடி விளக்கை வைக்க வேண்டும் என்றும் வருகிறது. ஜன்னலை மூடிவிட்டு ஒரு டார்ச்சையும் ஒரு நாற்காலியையும் வைத்து அதைச் செய்து பார்த்தோம், விளக்கைக் கொஞ்சம் நகர்த்தினால் முகம் எப்படி மாறுகிறது என்று வாயைப் பிளந்துகொண்டு பார்த்தார்கள்.

நடிப்பையும் அப்படித்தான் தொடங்கலாம். தொல்காப்பியம் சொல்லும் எட்டு மெய்ப்பாடுகளை (நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை) பிள்ளைகள் இப்போது பட்டியலாக ஒப்பிக்கிறார்கள். "ஸ்டாச்சு" விளையாட்டு எல்லாருக்கும் தெரியும், அதை வைத்து ஐந்து பேர் சேர்ந்து மருட்கையை ஒரு சிலையாக நின்று காட்டு, இப்போது அதையே அச்சமாக மாற்று என்றால், இரண்டுக்கும் கண்ணிலும் தோளிலும் என்ன வித்தியாசம் என்று அவர்களே கண்டுபிடிப்பார்கள். அப்புறம் நாடக இயக்குநர்கள் ஸ்டானிஸ்லாவ்ஸ்கியையும் பிரெக்டையும் சொல்லிக் கொடுக்கலாம். முன்னவர் பாத்திரத்துக்குள் போகச் சொன்னார், பின்னவர் இது நாடகம்தான் என்பதைப் பார்ப்பவர் மறக்கக் கூடாது என்றார். ஒரே காட்சியை இரண்டு விதமாகவும் செய்து பார்க்காமல் இந்த வேறுபாடு எந்தப் பிள்ளைக்கும் புரியப் போவதில்லை, குறிப்பேட்டில் எழுதி வாங்கினால் இரண்டு ரஷ்ய, ஜெர்மானியப் பெயர்களாகத்தான் நிற்கும்.

பிரேசில் நாட்டு நாடக இயக்குநர் அகஸ்டோ போவால் உருவாக்கிய விவாத அரங்கை ஒன்பதாம் வகுப்பில் செய்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். தேர்வில் நெருங்கிய தோழி விடைத்தாளைக் காட்டச் சொல்லி மிரட்டுகிறாள், காட்டாவிட்டால் குழுவிலிருந்து ஒதுக்கிவிடுவார்கள், இதுதான் காட்சி. ஒருமுறை நடிப்பார்கள், மோசமாக முடியும். மறுபடி நடிக்கும்போது பார்ப்பவர்களில் யார் வேண்டுமானாலும் "நிறுத்து" என்று சொல்லி, மாட்டிக்கொண்டவளின் இடத்தில் தான் போய் நின்று வேறு வழியை முயன்று பார்க்கலாம். ஏழு பேர் வந்தார்கள். டீச்சரிடம் சொல்லிவிடு என்ற வழி இரண்டு நிமிடம்கூட நிற்கவில்லை. நான் வருடக் கணக்காக ஒழுக்கப் போதனை வகுப்பில் சொல்லி வந்த அறிவுரை அதுதான் என்பதையும் ஒத்துக்கொள்கிறேன்.

இப்போது மதிப்பீடு. இங்கேதான் எனக்குப் பயமே. நாடகத்தைப் பாடமாக்குகிறோம் என்று நீங்கள் ஒப்புக்கொண்டு, அடுத்த வாரமே ஒரு குழு கூடி நூறு மதிப்பெண்ணுக்கு எழுத்துத் தேர்வு வைத்து, "நாடகம் என்பதன் வரைவிலக்கணம் தருக", "பிரெக்ட் பிறந்த ஆண்டு எது" என்று கேட்டு வினா வங்கி போட்டுவிட்டால், இந்தப் பாடம் வராமலேயே இருந்திருக்கலாம். இங்கிலாந்தில் 16 வயதில் எழுதும் பொதுத் தேர்வில் நாடகம் ஒரு விருப்பப் பாடம், அதில் எழுத்துத் தேர்வுக்கு 40 விழுக்காடுதான், மீதி 60 செய்முறைக்கு. அங்குள்ள ஒரு தேர்வு வாரியத்தின் முறையில் மாணவர்கள் சேர்ந்து ஒரு நாடகத்தை உருவாக்கும் பகுதிக்கு 80 மதிப்பெண், அதில் மேடையேற்றத்துக்கு 20, அதை எப்படி உருவாக்கினோம் என்று மாணவர் எழுதும் பதிவேட்டுக்கு 60. இதைப் படித்தபோது எனக்கு ஒரு பெரிய நிம்மதி. மேடையில் கூசி நிற்கிற பிள்ளைக்கும் இந்தப் பாடத்தில் இடம் உண்டு என்று அர்த்தம். நடிக்காமல் ஒளி, ஒலி, உடை, காட்சியமைப்பு இவற்றில் ஒன்றை எடுத்துக்கொண்டும் அங்கே மதிப்பெண் வாங்கலாம்.

நான் கேட்பது அந்த அளவுதான்: எழுத்துக்கு 40, செய்முறைக்கும் பதிவேட்டுக்கும் சேர்த்து 60. எழுத்துத் தேர்வில் ஒரு காட்சியைக் கொடுத்து, இதை நீ எப்படி மேடையேற்றுவாய், யார் எங்கே நிற்பார்கள், ஏன், என்று கேளுங்கள், மனப்பாடம் செய்ய அதில் எதுவும் இருக்காது. செய்முறையை வேறு பள்ளி ஆசிரியர் ஒருவரும் வந்து பார்க்கட்டும், செல்போனில் பதிவும் செய்து வைக்கலாம், சலுகை காட்டினார்கள் என்ற பேச்சு வராது.

பெற்றோர் என்ன சொல்வார்கள் என்று கேட்பீர்கள். "நடிச்சா சோறு போடுமா" என்பார்கள், என்னிடமே கேட்டிருக்கிறார்கள். ஐரோப்பாவிலும் பாலஸ்தீனத்திலுமாக 12 நாடுகளில் 13 முதல் 16 வயது வரையுள்ள 4,475 மாணவர்களை வைத்து டைஸ் என்ற ஆய்வு 2008 முதல் 2010 வரை நடந்தது. நாடக வகுப்புக்குப் போனவர்கள் வாசிப்பிலும் பேச்சிலும் மற்றவர்களைவிட நம்பிக்கையோடு இருந்தார்கள், பள்ளியையும் அதிகம் விரும்பினார்கள் என்று அதில் தெரியவந்தது. இதில் பெரும்பகுதி மாணவர்களும் ஆசிரியர்களும் படிவத்தில் சொன்னதை வைத்துக் கணித்தது, ஆகவே இதைப் படித்துவிட்டு நாடகம் படித்தால் கணக்கில் சதம் வரும் என்றெல்லாம் யாருக்கும் வாக்குக் கொடுத்துவிட வேண்டாம்.

ஆசிரியர்கள் விஷயம் கொஞ்சம் சிக்கலானது. பாடத்தைத் தமிழாசிரியர் தலையில் கட்டிவிடுவது எளிது, ஆனால் மேடையே ஏறாத ஆசிரியர் புத்தகத்தை வாசித்துக் காட்டத்தான் முடியும். நாடகக் கலைஞர்களிடமும் கூத்துக் கலைஞர்களிடமும் திறமை இருக்கிறது, பலரிடம் நீங்கள் கேட்கும் பட்டம் இருக்காது. தொடக்கத்திலாவது ஒரு ஆசிரியரும் ஒரு கலைஞரும் சேர்ந்து வகுப்பெடுக்கட்டும். கலைஞருக்குக் காலத்தோடு மதிப்பூதியம் போக வேண்டும், "சேவை" என்று சொல்லி அனுப்பிவிடக் கூடாது. ஆசிரியருக்கு விடுமுறையில் பத்து நாள் பயிற்சி கொடுங்கள், அதுவும் உட்கார்ந்து கேட்கும் சொற்பொழிவாக இருந்தால் யாருக்கும் பயனில்லை, அவர்களே எழுந்து நடிக்க வேண்டும்.

அந்தப் பயிற்சியில் ஒன்றை மட்டும் விட்டுவிடாதீர்கள். பாத்திரத்திலிருந்து பிள்ளையை வெளியே கொண்டுவருவது. எங்கள் நாடகத்தில் குடிகாரத் தகப்பனாக நடித்த ஒரு பையனை ஆறு மாதம் அந்தப் பெயராலேயே கூப்பிட்டார்கள். அவன் அடுத்த வருடம் நாடகத்துக்கே வரவில்லை. தவறு என்னுடையது. இப்போது ஒவ்வொரு வகுப்பும் முடியும்போது வட்டமாக நின்று, கை கால்களை உதறி, தன் சொந்தப் பெயரைச் சொல்லிவிட்டுத்தான் கலைகிறோம். அழுகிற காட்சி செய்த பிள்ளை நிஜமாகவே அழுதால் என்ன செய்வது என்று தெரியாத ஆசிரியரிடம் இந்தப் பாடத்தைக் கொடுக்கக் கூடாது.

எல்லாப் பள்ளியிலும் நாளையே தொடங்கச் சொல்லவில்லை. விருப்பமுள்ள ஆசிரியர் இருக்கிற சில பள்ளிகளில், ஒன்பதாம் வகுப்பில் மட்டும், வரும் கல்வியாண்டில் தொடங்குங்கள். ஆண்டு முடிவில் பிள்ளைகளின் பதிவேடுகளை நீங்களே வாங்கிப் படித்துப் பார்த்துவிட்டு, பத்தாம் வகுப்புக்குக் கொண்டுபோவதா என்று முடிவு செய்யலாம்.

ஆணை போடுவதற்கு முன்னால் ஒருமுறை எங்கள் வகுப்புக்கு வாருங்கள். முன்கூட்டிச் சொல்ல வேண்டாம், சொன்னால் பள்ளியில் வரவேற்பு நடனம் தயார் செய்துவிடுவார்கள். செவ்வாய்க்கிழமை மாலை, பள்ளி விட்ட பிறகு.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
ஒரு தமிழாசிரியை

இணைப்பு: எட்டு வாரத்துக்கான மாதிரிப் பாடத்திட்டம், மதிப்பீட்டுப் படிவம், மாணவர் பதிவேடுகளிலிருந்து நான்கு பக்கங்கள் (பெயர்கள் நீக்கப்பட்டவை)