எங்கள் அம்மையைத் தாங்கியவர்களுக்கு நன்றி

அன்புள்ள ஊராருக்கும் உறவினர்களுக்கும் வணக்கம்.

எங்கள் அம்மை 96 வயதில் கண்மூடினாள். அடியந்திரம் (இறப்புச் சடங்கு) முடியும்வரை எங்கள் அடுப்பைப் பற்றவைக்க விடாமல் கஞ்சியும் துவையலும் கொண்டுவந்த கிழக்கே வீட்டு அண்ணிக்கு முதல் நன்றி. மழை என்றும் பாராமல் வந்து, முகம் சுளிக்காமல் படுக்கைப்புண்ணைக் கழுவிக் கட்டிய நர்ஸ் தங்கச்சிக்கும் நன்றி.

ரேஷன் கடைத் தம்பியைத் தனியாகச் சொல்ல வேண்டும். அண்டி ஆபீசில் (முந்திரி ஆலையில்) வருடக்கணக்காகத் தோடு உடைத்து அம்மையின் விரல்ரேகை தேய்ந்துபோயிருந்தது. மெஷின் ஏற்கவில்லை. அந்தத் தம்பி மெஷினோடு வீட்டுக்கே வந்து, ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து, ஒவ்வொரு விரலாக வைத்துப் பார்ப்பான். ஒருநாளும் சலித்துக்கொண்டதில்லை.

மலையாளத்தில் எழுதிய பழைய ஆதாரத்தை (சொத்துப் பத்திரத்தை) வாசித்துத் தந்து காசு வாங்க மறுத்த களியக்காவிளை பெரியவருக்கும் எங்கள் வணக்கம். 28 சக்கரம் ஒரு ரூபாயாக இருந்த திருவிதாங்கூர் காலத்துக் கடுதாசி அது.

நூலகத்துப் பிள்ளைகளே, நீங்கள் செல்போனில் பதிந்து தந்த அம்மையின் குரல்தான் இன்று எங்களிடம் உள்ள சொத்து. 1936 நவம்பரில், எல்லாச் சாதி இந்துக்களும் கோவிலுக்குள் போகலாம் என்று திருவிதாங்கூர் மகாராஜாவின் ஆலயப் பிரவேச விளம்பரம் (அரசு அறிவிப்பு) வந்தபோது அவளுக்கு ஏழு வயது. பனையேறியான எங்கள் பாட்டா அவளைத் தோளில் தூக்கிக்கொண்டு திருவட்டாறு கோவிலுக்குள் போயிருக்கிறார். பள்ளிகொண்ட பெருமாளை ஒரே பார்வையில் பார்க்க முடியாது, மூன்று வாசல் வழியாகத்தான் பார்க்க வேண்டும். கூட்டத்தில் அவளுக்குக் கிடைத்தது பாதத்தின் பக்கம் மட்டும். "அது போரும்னு அப்பன் அழுதாரு" என்கிறாள். பாட்டா அழுததை அவள் எங்களிடம் சொன்னதே இல்லை. நீங்கள் கேட்டதால் சொன்னாள்.

1942இல் பர்மா ஜப்பான்காரன் கைக்குப் போய் அரிசி வரத்து நின்றதும், மரச்சீனிக் (மரவள்ளிக்) கிழங்கே மூன்று நேரமும் சாப்பாடாக இருந்ததும் அந்தப் பதிவில் இருக்கின்றன.

1954 ஆகஸ்ட் 11ஆம் தேதியும் அதில் இருக்கிறது. அன்றைய திருவிதாங்கூர்-கொச்சி மாநிலத்தில் இருந்த நம் தமிழ்ப் பகுதிகளைத் தாய்த் தமிழகத்தோடு சேர்க்கக் கேட்டுத் திரண்டவர்கள் மீது புதுக்கடையில் போலீஸ் சுட்ட அன்று, அம்மை கருப்பட்டி விற்கப் போயிருந்தாள். இடுப்பில் கைக்குழந்தையாக நான். யாரோ ஒரு அம்மா அவளைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்துக் கதவைச் சாத்தி, எனக்குச் சங்கில் பால் புகட்டி, இருட்டிய பிறகு மகனைத் துணைக்கு அனுப்பி வீட்டில் சேர்த்திருக்கிறார். 1956 நவம்பர் 1 அன்று நாம் தமிழ்நாட்டோடு சேர்ந்தபோது அந்த வீட்டுக்குப் போய்ச் சொல்ல நினைத்தாளாம். பிழைப்பு விடவில்லை.

புதுக்கடைக்காரர்களே, உங்கள் வீட்டு மூத்தவர்கள் யாராவது இப்படி ஒரு கதை சொன்னதுண்டா? அந்த அம்மாவின் பிள்ளைகளோ பேரப்பிள்ளைகளோ இருந்தால் எங்களுக்குத் தெரியப்படுத்துங்கள். நாங்களே வந்து பார்க்கிறோம்.

அன்புடன்,
மூத்த மகள், விளவங்கோடு