மருதமுனையிலிருந்து வாப்பா எழுதுவது

அன்பு மகனுக்கு, அஸ்ஸலாமு அலைக்கும்.

இங்கே எல்லாரும் சுகம். உம்மாவின் முழங்கால் வலி மட்டும் அப்படியே இருக்கிறது. இந்தக் கடிதத்தை மச்சான் கையில் கொடுத்து விடுகிறேன். போனில் பேசினால் உம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்வாள், நீயும் "எல்லாம் நல்லம் வாப்பா" என்று வைத்துவிடுவாய். அந்த "நல்லம்" கூட இப்போது பத்து நாளைக்கு ஒருக்கா என்று ஆகிவிட்டது. வேலை கூடியிருக்கும். நேரத்துக்குச் சாப்பிடு.

போன சனிக்கிழமை ராத்தாவின் மகளைக் காத்தான்குடி பூர்வீக நூதனசாலைக்குக் கூட்டிப் போனேன். பழைய காலத்து வாழ்க்கையைப் பற்றி எழுதிவரும்படி பள்ளிக்கூடத்தில் சொன்னார்களாம். கல்லாறு, களுவாஞ்சிக்குடி, ஆரையம்பதி என்று பஸ் நிற்காத இடமில்லை. உள்ளே ஆள் உயரச் சிலைகள். பிள்ளை ஒன்றுக்கு சலாம் சொல்லிவிட்டு, வெட்கத்தில் என் முதுகுக்குப் பின்னால் ஒளிந்துகொண்டாள். படிக்கத்தைப் பார்த்துப் பூச்சாடியா என்று கேட்டாள். வெற்றிலை துப்புவதற்குப் பித்தளையில் ஒரு ஏனம் என்றதும் முகத்தைச் சுளித்துக்கொண்டே எழுதினாள்.

நாம் எப்படி இந்தப் பக்கம் வந்தோம் என்று கேட்டாள். 1626 இல் போர்த்துக்கேயர் தங்கள் கையில் இருந்த கரைகளிலிருந்து நம் ஆட்களை விரட்டியதையும், கண்டி ராசா செனரத் நாலாயிரம் பேரை மட்டக்களப்பில் குடியேற்றியதையும் சொன்னேன். "வரும்போது என்ன கொண்டு வந்தாங்க?" என்றாள். கைக்கு அகப்பட்டதைத்தான் என்றேன். வெறுங்கையோடு வந்தவர்களைத்தான் ராசா குடியேற்றினான், மகன். அதில் ஒரு வெட்கமும் இல்லை.

மேற்கு வீட்டுப் பொடியன் கத்தாரிலிருந்து வந்துவிட்டான். மூன்று மாதம் சம்பளம் கொடுக்கவில்லையாம். எந்தக் கம்பனி என்று நான் கேட்கவில்லை. நீ கெட்டிக்காரன், உனக்கு அப்படி ஒன்றும் வராது. வட்டிக்கு மட்டும் வாங்காதே. சாப்பாட்டை மிச்சம் பிடித்துக் காசு அனுப்பவும் வேண்டாம்.

நூதனசாலையில் பிள்ளை கேட்டதைத்தான் எழுத வந்தேன். வேறு எதையோ எழுதிக்கொண்டிருக்கிறேன். "நம்மட தறியைக் கடல் கொண்டுபோகாட்டி, இங்க கொண்டுவந்து வெச்சிருக்கலாமே மூத்தாப்பா?" என்று கேட்டாள். ராத்தா சொல்லிக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அப்புறம் எதையும் பார்க்க முடியவில்லை. தாகம் என்று சொல்லி வெளியே வந்துவிட்டேன்.

2004 டிசம்பர் 26 இல் கடல் கொண்டுபோனது ஒரு தறியை. மற்றது வயல் பக்கம் மாமி வீட்டுத் தாழ்வாரத்தில் நின்றது. அதில் ஒரு சொட்டுத் தண்ணீர் படவில்லை. அதை நான்தான் விற்றேன். விறகுக்காரனுக்கு, 2,500 ரூபாய்க்கு.

காசுக்காக விற்கவில்லை. உனக்கு அப்போது ஒன்பது வயது, கால் மிதிக்கு எட்டாது. பலகைத் துண்டொன்றைக் காலில் கட்டிக்கொண்டு மிதிப்பாய். தறியில் நூல் ஓடம் போய்வரும் சத்தத்திலேயே இழை அறுந்ததைச் சொல்லிவிடுவாய். நான் இருபது வருடத்தில் படித்ததை நீ ஒரு நோன்பு மாதத்தில் படித்துவிட்டாய். எனக்குப் பெருமையாகவும் இருந்தது, வயிற்றில் பயமும் இருந்தது. இவனும் என்னைப்போல நூல் கடைக்காரனிடம் கடன் சொல்லி நிற்கப்போகிறானே என்று நினைத்தேன். நீ கேட்டபோது இரண்டையும் கடல் கொண்டுபோய்விட்டது என்றேன்.

மூன்று நாள் கடற்கரையில் தேடினாய். ஒரு பலகையைத் தூக்கிக்கொண்டு வந்து "நம்மட தறிதானே வாப்பா?" என்றாய். ஓம் என்றேன். அது எந்தத் தோணியின் பலகையோ. இன்னும் பரணில்தான் கிடக்கிறது.

படி படி என்று உன்னை விரட்டினேன், பிறகு வெளிநாடு போ என்று விரட்டினேன். நான் சொன்னபடியே எல்லாம் செய்தாய். இப்போது உன் குரலில் ஏதாவது அறுந்திருக்கிறதா என்று போனில் காது கொடுத்துக் கேட்கிறேன், பிடிபடவில்லை.

மச்சானிடம் மாசிச் சம்பலும் ஒரு சாரமும் தந்திருக்கிறேன். சாரம் நம் ஊரில் நெய்ததுதான், என் கை படவில்லை. முன் அறைக்கு ராத்தா பெயின்ட் அடித்தாள், உன் கட்டிலை நகர்த்தவில்லை. வீடு ராத்தாவுடையது என்று நீ கூச வேண்டாம். நானும் உம்மாவின் வீட்டுக்கு வந்த ஆள்தான், நாற்பது வருடமாகக் கூசாமல் இருக்கிறேன்.

நேரத்துக்குச் சாப்பிடு. அடுத்த முறை போன் எடுத்தால் உடனே உம்மாவிடம் கொடுக்கச் சொல்லாதே. என்னோடு ஒரு நிமிஷம் பேசு.

வாப்பா