பின்னறையில் கிடக்கும் கசெட்டுகளை எறிந்துவிடாதீர்கள்: திருகோணமலைக் கேபிள் ரீவி அண்ணாமாருக்கு ஒரு திறந்த மடல்

வணக்கம் அண்ணாமார்,

ஊரில் கேபிள் இணைப்புக் கொடுத்தவர்கள், இன்னும் கொடுப்பவர்கள், ஒரு காலத்தில் உள்ளூர் சனல் நடத்திவிட்டு இப்போது அதை மூடி வேறு தொழில் பார்ப்பவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இதை எழுதுகிறேன். என்னை உங்களில் சிலருக்குத் தெரியும். உயர்தரம் எழுதிவிட்டுப் பெறுபேறு வரும்வரை சும்மா இருந்த மாதங்களில், கமராவுக்கு லைட் பிடிக்கவும் கசெட் பெட்டியைச் சைக்கிளில் கட்டிக்கொண்டு ஓடவும் வந்த பெடியன் நான்.

போன மாதம் அம்மம்மாவின் கசெட்டைத் தேடி ஓர் இடத்துக்குப் போனேன். யாருடைய இடம் என்று எழுதப் போவதில்லை, அவர் வேண்டுமென்று ஒன்றும் செய்யவில்லை. 2002இல் போர்நிறுத்தம் வந்து ஊர் கொஞ்சம் மூச்சுவிட்ட நேரத்தில், வயதானவர்களை இருத்திப் பழைய கதை கேட்கும் நிகழ்ச்சி ஒன்று உள்ளூர் சனலில் போனது. அம்மம்மாவுக்கு அப்போது 71 வயது. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி காலையில் யப்பான் விமானங்கள் துறைமுகத்திலும் சீனன்குடாவிலும் குண்டு போட்டபோது அவவுக்கு 11. எண்ணெய்த் தாங்கி எரிந்த புகையைக் கண்டது, அடுப்பில் வைத்த பாலை அப்படியே விட்டுவிட்டுத் தம்பலகாமப் பக்கம் நடந்தது, அவவின் தாய் ஒரு கையில் தம்பியையும் மற்றக் கையில் ஆட்டுக்குட்டியையும் பிடித்துக்கொண்டு போனது, இதையெல்லாம் 40 நிமிடம் நிறுத்தாமல் பேசினா. வீட்டில் எங்களுக்குக்கூட அவ்வளவு விரிவாக ஒருநாளும் சொன்னதில்லை.

கசெட் கிடைத்தது. ஆனால் சுருளின் ஓரம் முழுக்க மாப்பொடி தூவியது போல வெள்ளைப் பூஞ்சணம். நான் வாய் திறப்பதற்குள், "ஓடுதா எண்டு பாப்பம்" என்று அவர் அதை டெக்கில் போட்டுவிட்டார். 2 நிமிடம் கோடு கோடாக அம்மம்மாவின் முகம் தெரிந்தது, குரல் கேட்டது, பிறகு நாடா உள்ளே சுற்றிக்கொண்டு அறுந்துவிட்டது. அவரும் பாவம், என் முகத்தைப் பார்க்க முடியாமல் நின்றார்.

அதனால்தான் இந்த மடல். அந்த அறையில் மட்டும் ஒரு சுவர் நிறைய வீஎச்எஸ் கசெட்டும், சப்பாத்துப் பெட்டிகளில் கமராவில் போடும் சின்ன மினிடீவி (MiniDV) கசெட்டுகளும் கிடந்தன. உங்கள் எல்லோருடைய பின்னறைகளையும் சேர்த்தால் எவ்வளவு இருக்கும் என்று நீங்களே யோசியுங்கள்.

அந்தச் சனல் எப்படி நடந்தது என்று இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்பமாட்டார்கள். பெரிய கோபுரம் இல்லை, கலையகம் இல்லை. மொட்டைமாடியில் நாலைந்து டிஷ், கீழே ஓர் அறை. டிஷ் பிடிக்கும் சனல்களுக்கு நடுவே வெறுமையாக இருக்கும் ஓர் இடத்தில், டெக்கிலிருந்து வரும் நம்முடைய படத்தை மொடியுலேற்றர் என்ற பெட்டி ஏற்றிவிடும். எல்லாம் ஒன்றாகக் கலந்து ஒரே வயரில் தூண் தூணாகப் போகும், தூரம் போகப் போகப் படம் மங்கும் என்பதால் இடையிடையே அம்பிளிபயர் வைக்க வேண்டும். கடற்கரைப் பக்கத்து வயர் மூட்டுகள் உப்புக்காற்றில் பச்சை பிடித்துவிடும், படத்தில் புள்ளி விழுந்தால் யாராவது ஏணியோடு போக வேண்டும். கீழே ஓடும் மரண அறிவித்தலையும் பிறந்தநாள் வாழ்த்தையும் கம்பியூட்டரில் பாமினி எழுத்துருவில் அடித்தோம். ஒருமுறை ஒரு பெரியவரின் பெயரில் ஓர் எழுத்து மாறிவிட்டது என்று அவருடைய மகன் இரவு 10 மணிக்கு வந்து நின்றார். கோபப்படவில்லை, திருத்திவிடுங்கோ தம்பி என்று மட்டும் கேட்டார். ஊரே அதைப் பார்க்கிறது என்று அன்றைக்குத்தான் எனக்கு உறைத்தது.

இலங்கையில் தொலைக்காட்சி 1979 ஏப்ரலில் சுயாதீன தொலைக்காட்சியோடு தொடங்கியது, 1982 பெப்ரவரியில் ரூபவாஹினி வந்தது, 1998இல் சக்தி, 2009இல் வசந்தம். தமிழில் நாள் முழுக்கப் பார்க்க நமக்கு எவ்வளவு காலம் எடுத்தது என்று அந்த ஆண்டுகளே சொல்லும். அவர்கள் மேல் எனக்குக் குறையில்லை. ஆனால் எல்லாம் கொழும்பிலிருந்து வருபவை. அவற்றில் திருகோணமலை வருவதென்றால் தேர் ஓட வேண்டும், அமைச்சர் வர வேண்டும், இல்லாவிட்டால் ஏதாவது கெட்டது நடக்க வேண்டும். ஊருக்கு வடக்கே கடலோரத்தில் ஜெர்மன் வானொலியின் பெரிய அஞ்சல் நிலையம் கனகாலம் இருந்தது, ஆசியா முழுவதற்கும் செய்தி போனது, அதிலும் நம்முடைய கதை இல்லை. மூதூருக்குப் போகும் லோஞ்ச் படகு இன்றைக்கு ஓடுமா, எந்தப் பக்கம் தண்ணீர் வராது, எந்தப் பள்ளிக்கூடம் வென்றது என்பதை நீங்கள்தான் காட்டினீர்கள்.

அந்தக் கசெட்டுகளில் என்ன இருக்கிறது என்று உங்களுக்கே மறந்திருக்கும், நான் சொல்கிறேன். நவராத்திரிக் கும்பம் இருக்கிறது, பறை முழங்க ஆள் உயரக் கும்பத்தைத் தலையில் வைத்து ஆடிக்கொண்டு வரும் இரவுகள். அப்போது கும்பம் எடுத்தவர்களில் பாதிப்பேர் இன்று உயிரோடு இல்லை, மீதிப்பேரில் பலர் கனடாவிலும் லண்டனிலும். கிண்ணியாப் பாதை இருக்கிறது, சனத்தை அக்கரைக்கு ஏற்றிப்போன மிதவையைத்தான் பாதை என்போம். 2009இல் 396 மீற்றர் பாலம் திறந்த பிறகு பாதையில் சனமும் சைக்கிளும் மீன்கூடையும் நெருக்கியடித்து ஏறிய காட்சியை இனி யாரும் படம்பிடிக்க முடியாது. 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு எடுத்த கசெட்டுகளும் இருக்கின்றன. அவற்றில் சிலவற்றை எடுத்த அன்று நானும் நின்றேன், அதைப்பற்றி இங்கே எழுத முடியவில்லை.

2006ஐயும் சொல்லத்தான் வேண்டும். ஜனவரி 2ஆம் திகதி கடற்கரையில் 5 மாணவர்கள் கொல்லப்பட்டபோது, அவர்கள் கைக்குண்டு வெடித்துச் செத்தார்கள் என்று சொல்லப்பட்டது. சூட்டுக் காயங்களைக் காட்டிய படங்களை எடுத்தவர் நம்மூர்ச் செய்தியாளர் சுப்பிரமணியம் சுகிர்தராஜன். அவை சுடர் ஒளி பத்திரிகையில் வந்தன. அதே மாதம் 24ஆம் திகதி அவரைச் சுட்டுக் கொன்றார்கள். அந்தக் காலத்தில் பயத்தில் யாராவது கசெட்டை அழித்திருந்தால், கிணற்றில் போட்டிருந்தால், நான் ஒரு சொல் குறை சொல்லமாட்டேன். ஆனால் அழியாமல் தப்பியதை இப்போது பூஞ்சணம் தின்பதை என்னால் பொறுக்க முடியவில்லை.

புதுக் கசெட் வாங்கக் காசில்லாமல் பழையதன் மேலேயே பதிந்ததும் உண்டு, என் கையாலும் செய்திருக்கிறேன். பிபிசியே 1960களிலும் 70களிலும் தன் நாடாக்களை அழித்து மறுபடி பாவித்தது, நாம் எம்மாத்திரம்? சரி, போனது போகட்டும். இருப்பதற்குத்தான் இனி நேரமில்லை. யுனெஸ்கோவும் ஒலி, ஒளி ஆவணக் காப்பாளர்களின் உலகச் சங்கமும் 2019இலேயே எச்சரித்தன: நாடா கெடுகிறது, அதைவிட வேகமாக அதை ஓட்டும் கருவிகள் இல்லாமல் போகின்றன. வீஎச்எஸ் டெக் செய்துகொண்டிருந்த கடைசிப் பெரிய கம்பனியும் 2016இல் நிறுத்திவிட்டது. உங்களிடம் ஓடும் டெக் இருந்தால் கசெட்டைப் போலவே அதையும் பத்திரப்படுத்துங்கள்.

முதலில் கேட்பது, பூஞ்சணம் பிடித்த எதையும் டெக்கில் போடாதீர்கள். நாடா போவதோடு நிற்காது, டெக்குக்குள் நாடாவைப் படிக்கும் ஹெட்டில் ஒட்டி அடுத்த கசெட்டுக்கும் தொற்றும். அவற்றைத் தனியாகப் பிரித்து, தரையிலிருந்து உயர்த்தி, ஈரம் இல்லாத இடத்தில் நிமிர்த்தி வையுங்கள், பிறகு தெரிந்தவர்களைக் கொண்டு துடைப்போம். நல்லதாக இருப்பதைக் கம்பியூட்டரில் ஏற்றுவோம். ஒரு மணித்தியாலக் கசெட்டுக்கு ஒரு மணித்தியாலம் இருக்கத்தான் வேண்டும், அதற்குக் குறுக்குவழி இல்லை. ஒரு மினிடீவி கசெட் ஏறத்தாழ 13 ஜீபி வரும், ஆக 4 டீபி டிஸ்க் ஒன்றில் 300 கசெட் அடங்கும். டிஸ்க் நான் வாங்கித் தருகிறேன். கூட இருக்க 3 பேர் சம்மதித்திருக்கிறார்கள். கசெட் உங்களுடையது, உரிமையும் உங்களுடையது, உங்கள் கண்முன்னே உங்கள் இடத்திலேயே செய்யலாம். ஒரு பிரதி உங்களுக்கு. நீங்கள் சம்மதித்தால் இன்னொன்றை 2005இலிருந்து ஈழத்துத் தமிழ் ஆவணங்களைச் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்திடம் கொடுக்கக் கேட்டுப் பார்ப்போம், வேண்டாம் என்றால் வேண்டாம்.

அதுவும் இப்போது முடியாது என்றால், ஒரு கொப்பியில் கசெட்டின் முதுகில் எழுதியிருப்பதை மட்டும் எழுதிவையுங்கள். அரைநாள் வேலைதான்.

இன்னொன்று. அம்மம்மாவின் நிகழ்ச்சி 2 கிழமை போனது. அறுந்தது முதலாவது. இரண்டாவதில் அவ நடந்துபோய்ச் சேர்ந்த இடத்தையும், எப்போது ஊருக்குத் திரும்பினார்கள் என்பதையும் சொன்னா, எனக்கு அது பாதிதான் நினைவிருக்கிறது. வீஎச்எஸ் கசெட், நீல மட்டை, நீலப் பேனையால் "பழைய கதை 2" என்று என்னுடைய கோணல் கையெழுத்தில் இருக்கும். யாரிடமாவது இருந்தால் போட்டுப் பார்க்காதீர்கள், எனக்கு ஒரு சொல் அனுப்புங்கள். எந்த நேரமானாலும் வருகிறேன்.