சனிக்கிழமை வேட்பாளருடன் கூகுள் மீட்

அனைவருக்கும் வணக்கம்.

குன்னூர் சட்டமன்றத் தொகுதி வேட்பாளர் ஒருவர் வரும் சனிக்கிழமை இரவு 7 மணிக்கு கூகுள் மீட்டில் நம்மோடு பேச ஒப்புக்கொண்டிருக்கிறார். மற்ற வேட்பாளர்களையும் கேட்டிருக்கிறோம். யாராக இருந்தாலும் ஒரு மணி நேரம்தான்.

1. கேள்விகளை வெள்ளி இரவுக்குள் எனக்குத் தனியாக அனுப்புங்கள். வீட்டுக்கு ஒன்று. "ரோடு சரியில்லை" என்று பொதுவாகக் கேட்டால் "பார்க்கிறேன்" என்ற பதில்தான் வரும். மழையில் எந்த வளைவில் மண் சரிகிறது, பச்சைத் தேயிலைக்குக் கிலோவுக்குக் கையில் என்ன கிடைக்கிறது, இருட்டியபின் காட்டெருமை வந்து நிற்கும் படிக்கட்டில் எத்தனை விளக்கு எரியவில்லை என்று எழுதுங்கள். படம் இருந்தால் இன்னும் நல்லது.

2. வேட்பாளருடைய சொத்து, வழக்கு விவரங்கள் வேட்புமனுவோடு அவர் கொடுக்கும் படிவம் 26 பிரமாணப் பத்திரத்தில் இருக்கும். தேர்தல் ஆணைய இணையதளத்தில் யாரும் பார்க்கலாம். தயவுசெய்து படித்துவிட்டு வாருங்கள்.

3. சிக்னல் கிடைக்காத கீழ் லைன் வீட்டுக்காரர்கள் சங்க அறைக்கு வந்துவிடுங்கள், டிவியில் போடுகிறோம். பெரியவர்களைப் பத்திரமாகக் கூட்டி வர இளைஞர்கள் இரண்டு பேர் வேண்டும்.

4. கட்சிக் கொடி, சின்னம், ஃபார்வர்டு எதுவும் இந்தக் குழுவில் போட வேண்டாம்.

5. வாக்காளர் பட்டியல் சந்தேகங்களுக்கு 1950 என்ற உதவி எண்ணுக்கு போன் செய்யுங்கள்.

கலந்துகொள்பவர்கள் பெயர், வீட்டு எண்ணோடு இன்றே பதில் போடுங்கள்.