ஆறு படுக்கைக்கு ஒரு ஜக் போதாது: தொற்றுத் தடுப்புக் குழுக்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய மருத்துவமனைத் தொற்றுத் தடுப்புக் குழுவினருக்கும் செவிலியர் கண்காணிப்பாளர்களுக்கும்,

வணக்கம். கதீட்டர் (சிறுநீரை வெளியேற்றச் சிறுநீர்ப்பைக்குள் செலுத்தும் குழாய்) போட்ட நோயாளிக்குச் சிறுநீர்த் தொற்று வந்துவிட்டால், முதல் கேள்வி வார்டு செவிலியரிடம்தான் போகிறது: "வழிகாட்டு நெறிகளைப் படித்தீர்களா, இல்லையா?" படித்திருக்கிறார்கள். படித்தபடி நடக்க வார்டில் என்ன ஏற்பாடு இருக்கிறது என்பதே எங்கள் கேள்வி.

யூரின் பேக்கைக் காலி செய்யும் அந்த இரண்டு நிமிடத்தை அருகில் நின்று பாருங்கள். ஆறு படுக்கைக்கும் ஒரே ஜக். முதல் பேக்கின் வடிகுழாய் நுனி ஜக்கின் விளிம்பில் உரசுகிறது. கழுவாத அதே விளிம்பில் அடுத்தவருடைய நுனியும் உரசுகிறது. கையுறையும் மாறவில்லை என்றால், ஒருவரின் கிருமி வரிசை முழுக்கப் பரவ நாமே வழி செய்து கொடுத்துவிட்டோம். நோயாளிக்கு ஒரு ஜக், அதன்மேல் படுக்கை எண். ஒவ்வொரு பேக்குக்கும் புதுக் கையுறை. கழற்றியதும் கைச் சுத்தம். இதற்கு ஹேண்ட் ரப் (கையில் தேய்க்கும் கிருமிநாசினி) கை எட்டும் தூரத்தில் இருக்க வேண்டும், வார்டு வாசலில் அல்ல. பேக் மூன்றில் இரண்டு பங்கு நிறைவதற்குள் காலி செய்துவிட வேண்டும். கனத்த பேக் குழாயை இழுத்துச் சிறுநீர்ப் பாதையைப் புண்ணாக்கும். குழாயைத் தொடையில் ஒட்டி நிறுத்துவதும் இதற்காகத்தான்.

பேக் சிறுநீர்ப்பைக்குக் கீழே இருக்க வேண்டும், தரையையும் தொடக்கூடாது. வார்டில் இது பெரும்பாலும் சரியாகவே நடக்கிறது. தவறுவது ஸ்கேனுக்குப் போகும் வழியில். ஸ்ட்ரெச்சரில் மாட்ட இடமில்லாததால் பேக்கை நோயாளியின் கால்களுக்கு நடுவே வைத்துவிடுகிறார்கள். குழாயில் நின்ற சிறுநீர் உள்ளே திரும்புகிறது. கிளம்பும் முன் பேக்கைக் காலி செய்வது செவிலியர் வேலை. ஸ்ட்ரெச்சருக்குக் கொக்கி போடுவதும், அதைத் தள்ளும் ஊழியருக்குச் சொல்லிக் கொடுப்பதும் உங்கள் வேலை.

பரிசோதனைக்கு மாதிரி வேண்டுமென்றால் இணைப்பைக் கழற்றக் கூடாது, பேக்கிலிருந்தும் எடுக்கக் கூடாது. பேக்கில் மணிக்கணக்கில் தேங்கியதில் கிருமி பெருகியிருக்கும். கல்ச்சர் (கிருமி வளர்ப்புச் சோதனை) முடிவைப் பார்த்துத் தேவையில்லாத ஆன்டிபயாட்டிக் தொடங்கிவிடுவார்கள். குழாயில் மாதிரி எடுப்பதற்கென்றே உள்ள துளையை ஆல்கஹாலால் துடைத்து, உலரவிட்டு, ஸ்டெரைல் சிரிஞ்சில் எடுப்பதே முறை. இணைப்பு தானாகக் கழன்றாலோ கசிந்தாலோ கதீட்டர், பேக் இரண்டையும் மாற்ற வேண்டும். அதற்கான இருப்பு இரவிலும் வார்டில் இருக்கட்டும்.

வீண் வேலைகளையும் நிறுத்துங்கள். சிறுநீர்த் துளையைத் தினமும் ஆன்டிசெப்டிக்கால் துடைப்பது, நாள் குறித்துக் கதீட்டரை மாற்றுவது, அடைப்பு இல்லாதபோதும் சிறுநீர்ப்பையைக் கழுவுவது ஆகியவற்றை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையத்தின் 2009 வழிகாட்டு நெறிகளே வேண்டாம் என்கின்றன. குளிப்பாட்டும்போது செய்யும் சுத்தமே போதும்.

இவை எல்லாவற்றையும்விடப் பெரியது, குழாயை நேரத்தோடு எடுப்பது. கதீட்டர் உள்ளே இருக்கும் ஒவ்வொரு நாளும் சிறுநீரில் பாக்டீரியா சேரும் வாய்ப்பு 3 முதல் 7 சதவீதம். குழாயின் சுவரில் உயிர்ப்படலம் (கிருமிகள் சேர்ந்து ஒட்டிக்கொள்ளும் வழவழப்பான படலம்) படிந்துவிட்டால் ஆன்டிபயாட்டிக்கும் அதை எளிதில் அகற்றாது. ஆனாலும் டாக்டர் ரவுண்ட்ஸில் யாரும் கேட்காததால் குழாய் நாள்கணக்கில் உள்ளேயே கிடக்கிறது. சிறுநீர் அடைப்பு, கவலைக்கிடமான நோயாளியின் சிறுநீரை மணிக்கணக்கில் அளப்பது, சிறுநீர் கட்டுப்படாதவரின் இடுப்புப் பகுதிப் புண் ஆறுவது போன்றவை நியாயமான காரணங்கள். படுக்கை நனைகிறது என்பது மட்டும் காரணமாகாது. அறுவை சிகிச்சைக்குப் போட்ட குழாயை, தேவை இல்லையென்றால் 24 மணி நேரத்துக்குள் எடுத்துவிடலாம்.

எனவே எங்கள் கோரிக்கை இது: நியாயமான காரணங்களைப் பட்டியலிட்டு, அவற்றில் எதுவும் பொருந்தாத நோயாளிக்குத் தனி உத்தரவுக்குக் காத்திராமல் செவிலியரே கதீட்டரை எடுக்க எழுத்தில் அதிகாரம் கொடுங்கள். எடுத்தபின் நோயாளி தானாகச் சிறுநீர் கழிக்கிறாரா, சிறுநீர் தேங்குகிறதா என்று பார்க்க பிளாடர் ஸ்கேனர் (சிறுநீர்ப்பையில் எவ்வளவு சிறுநீர் இருக்கிறது என்று வெளியிலிருந்தே காட்டும் கருவி) வாங்கிக் கொடுங்கள். பெட்பேன் வைக்கக் கூடுதல் ஆள் இல்லாத வார்டில் இந்த உத்தரவு காகிதத்தோடு நின்றுவிடும். ஆகவே உத்தரவும் ஆளும் ஒன்றாகவே வரட்டும்.

இப்படிக்கு,
தொற்றுத் தடுப்புப் பணியில் உள்ள செவிலியர்கள்