ஏற்றுமதி கூடியது சரி, எந்த நாட்டுக்குக் கூடியது?

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு வணக்கம்.

ஒவ்வொரு மாதமும் பத்தாம் தேதி வாக்கில் மலேசிய செம்பனை எண்ணெய் வாரியம் முந்திய மாதத்தின் கணக்கை வெளியிடுகிறது. அதை ஒட்டி நம் தமிழ் நாளேடுகளில் "ஏற்றுமதி உயர்வு" என்றோ "ஏற்றுமதி சரிவு" என்றோ நான்கைந்து வரியில் ஒரு செய்தி வருகிறது. மொத்தம் எத்தனை டன், கையிருப்பு எவ்வளவு, எத்தனை விழுக்காடு மாற்றம் என்பதோடு அது முடிந்துவிடுகிறது. அந்தச் செம்பனை எண்ணெய், அதாவது பாமாயில், எந்த நாட்டுக்குப் போனது, அந்த நாடு ஏன் கூடுதலாக வாங்கியது, இன்னொரு நாடு ஏன் கையை இழுத்துக்கொண்டது என்பது பற்றி ஒரு சொல்கூட இருப்பதில்லை. இந்நாட்டின் செம்பனைப் பரப்பில் ஏறத்தாழ கால் பங்கு சிறுதோட்டக்காரர்களிடம் இருக்கிறது. அவர்களில் ஒருவனாக இந்தக் குறையை உங்களிடம் சொல்ல வேண்டியிருக்கிறது.

எங்கள் கணக்கு எளிமையானது. ஒரு டன் செம்பனைப் பழக்குலையில் சுமார் 200 கிலோ எண்ணெய் கிடைக்கும். ஆகவே கச்சா பாமாயில் (சுத்திகரிக்காத எண்ணெய்) விலை டன்னுக்கு 100 ரிங்கிட் இறங்கினால் குலை விலையில் டன்னுக்கு ஏறக்குறைய 20 ரிங்கிட் போய்விடும். உரத்தின் விலையோ வெட்டுக்கூலியோ அதோடு சேர்ந்து இறங்குவதில்லை. குலை வாங்கும் நிலையத்தில் "இன்றைக்கு விலை இறங்கிவிட்டது" என்று சொல்வார்கள். காரணம் கேட்டால் அவர்களுக்கும் தெரியாது. காரணம் பெரும்பாலும் புதுடெல்லியிலோ ஜகார்த்தாவிலோ இருக்கிறது.

முதலில் இந்தியாவைச் சொல்கிறேன். 2013 வரை மலேசிய எண்ணெயை அதிகம் வாங்கிய நாடு சீனா. 2014 முதல் அந்த இடம் இந்தியாவுடையது. 2019இல் இந்தியா நம்மிடம் 44 லட்சம் டன் வாங்கியது. அடுத்த ஆண்டு அது 27 லட்சம் டன்னாகச் சுருங்கியது. கொரோனா காலத்தில் உணவகங்கள் மூடிக் கிடந்ததும் ஒரு காரணம்தான். ஆனால் அடி அதற்கு முன்பே விழுந்துவிட்டது. காஷ்மீரைப் பற்றியும் குடியுரிமைச் சட்டத்தைப் பற்றியும் அன்றைய பிரதமர் மகாதீர் பேசிய பிறகு, 2020 ஜனவரியில் சுத்திகரித்த பாமாயில் இறக்குமதியை இந்தியா கட்டுப்பாட்டுப் பட்டியலில் சேர்த்தது. அரசியல் கருத்து சொல்லும் உரிமை ஒரு நாட்டின் தலைவருக்கு உண்டு. அதை நான் குறை சொல்லவில்லை. அந்தப் பேச்சுக்கான விலையை ஜொகூரின் பாசிர் கூடாங் சுத்திகரிப்பு ஆலைகளும் அவற்றுக்கு எண்ணெய் கொடுத்த எங்கள் குலைகளும் கொடுத்தன என்பதை அப்போது நமக்கு யாரும் விளக்கவில்லை என்பதே என் வருத்தம்.

அதன் பிறகும் இந்தியாவின் சுங்கவரிதான் நம் விலையை ஆட்டிவைக்கிறது. 2024 செப்டம்பரில் கச்சா பாமாயிலுக்கான மொத்த வரி 5.5 விழுக்காட்டிலிருந்து 27.5 ஆகவும், சுத்திகரித்த எண்ணெய்க்கு 13.75இலிருந்து 35.75 ஆகவும் உயர்த்தப்பட்டது. இந்திய எண்ணெய்வித்து விவசாயிகளைக் காப்பதற்காகச் செய்யப்பட்டது இது. அவர்களும் நம்மைப் போன்ற விவசாயிகள்தான். அவர்களுக்கு நியாயவிலை கிடைக்க வேண்டும் என்பதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. அந்தச் சமயத்தில் பாமாயில் சோயா எண்ணெயைவிட விலை கூடியும் இருந்தது. விளைவு, 2025 ஜனவரியில் இந்தியாவின் பாமாயில் இறக்குமதி சுமார் 14 ஆண்டுகளில் காணாத அளவுக்குக் குறைந்துபோனது. பிறகு 2025 மே மாத இறுதியில் கச்சா எண்ணெய் வரியை மட்டும் 16.5 விழுக்காடாகக் குறைத்தார்கள். சுத்திகரித்த எண்ணெயின் வரியில் கை வைக்கவில்லை. இரண்டுக்கும் இடையே 8.25 புள்ளியாக இருந்த இடைவெளி 19.25 ஆகிவிட்டது. கச்சாவாக அனுப்புங்கள், சுத்திகரிப்பதை நாங்கள் பார்த்துக்கொள்கிறோம் என்பதே இதன் பொருள். இந்தியத் துறைமுகங்களான காக்கிநாடாவிலும் காண்ட்லாவிலும் இருக்கும் ஆலைகளுக்கு வேலை. நம் ஆலைகளுக்கு நெருக்கடி. மொத்த டன் கணக்கை மட்டும் பார்க்கிறவர் கண்ணுக்கு இதில் எதுவுமே தெரியாது. கச்சாவாகப் போன ஒரு டன்னும் சுத்திகரித்துப் போன ஒரு டன்னும் அந்தக் கணக்கில் ஒன்றுதான்.

இந்திய வாங்குதலுக்குப் பருவமும் உண்டு. தீபாவளிக்கு முந்திய மாதங்களில் கப்பல்கள் வரிசைகட்டும். குளிர்காலத்தில் வட இந்தியாவில் பாமாயில் உறைந்துவிடுவதால் வாங்குவது குறையும். டிசம்பரில் "ஏற்றுமதி சரிவு" என்று செய்தி போடும்போது இதையும் ஒரு வரி சேர்த்தால் பலருடைய வீண் கலக்கம் தீரும். தமிழ்நாட்டு ரேஷன் கடைகளில் 2007 முதல் மலிவு விலையில் பாமாயில் கொடுக்கிறார்கள். அங்கே உறவினர் இருக்கும் நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பாக்கெட் பழக்கமானது. நாம் விளைவிப்பது அந்தச் சமையலறைகள் வரைக்கும் போய்ச் சேரும் பண்டம் என்பது எனக்குப் பெருமைதான். அதனாலேயே அந்த வரிப்பட்டியலை அக்கறையோடு பார்க்கிறேன்.

அடுத்தது இந்தோனேசியா. நம்மைவிட இரண்டு மடங்குக்கும் மேல் உற்பத்தி செய்யும் அண்டை நாடு அது. அவர்கள் கதவைத் திறந்தாலும் மூடினாலும் நம் விலை ஆடும். உக்ரைன் போரால் சூரியகாந்தி எண்ணெய் வரத்து நின்று, 2022 மார்ச்சில் இங்கே விலை டன்னுக்கு 7,000 ரிங்கிட்டைத் தாண்டியது. ஏப்ரல் 28 அன்று இந்தோனேசியா ஏற்றுமதியைத் தடை செய்தது. மே 23இல் தடையை விலக்கியது. அதற்குள் அங்கே தொட்டிகள் நிரம்பி வழிந்தன. அவற்றைக் காலி செய்ய ஜூலையில் ஏற்றுமதித் தீர்வையையும் நிறுத்திவைத்தார்கள். செப்டம்பர் முடிவதற்குள் இங்கே விலை 3,500 ரிங்கிட்டுக்கும் கீழே போய்விட்டது. மேலே சொன்ன கணக்கைப் போட்டுப் பாருங்கள், குலைக்கு டன்னுக்கு 700 ரிங்கிட் வீழ்ச்சி. விலை 7,000 இருந்தபோது கடன் வாங்கி விலையேறிய உரத்தைப் போட்ட சிறுதோட்டக்காரர்கள் அந்த ஆண்டு எப்படித் தவித்தார்கள் என்பதை நான் நேரில் பார்த்தேன். ஜகார்த்தாவில் நடப்பது அவர்களுக்கு அன்றன்றே தெரிந்திருந்தால் சிலராவது கையை அடக்கியிருப்பார்கள்.

2025இல் அங்கே டீசலில் 40 விழுக்காடு செம்பனை எண்ணெய் எரிபொருளைக் கலக்கும் பி40 திட்டம் தொடங்கியது. 2025க்கு அவர்கள் ஒதுக்கிய அளவு 1 கோடியே 56 லட்சம் கிலோலிட்டர். அதற்கான பணம் பாமாயில் மீதான ஏற்றுமதித் தீர்வையிலிருந்து வருகிறது. 2025 மே மாதம் அந்தத் தீர்வையை 7.5 விழுக்காட்டிலிருந்து 10 ஆக்கினார்கள். அவர்கள் எண்ணெயை உள்நாட்டில் எரிக்க எரிக்க வெளிச்சந்தையில் நமக்கு இடம் கிடைக்கிறது. ஆனால் அந்த இடம் நம் உழைப்பால் கிடைத்ததன்று. அவர்கள் கொள்கையை மாற்றினால் மறுநாளே போய்விடும். நம் தோட்டங்களில் வயதான மரங்கள் மலிந்து, மறுநடவு தாமதமாகும் நிலையில் இதை வளர்ச்சி என்று கொண்டாட எனக்கு மனம் வரவில்லை.

சீனா நம்மிடம் வாங்குவது குறைந்ததற்குக் காரணம் வேறு. பன்றித் தீவனத்துக்காகச் சோயாவை இறக்குமதி செய்து அங்கேயே அரைக்கிறார்கள், எண்ணெய் கூடவே கிடைத்துவிடுகிறது. ஐரோப்பாவின் கதையோ காடழிப்புத் தடைச் சட்டம். 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்ததில்லை என்பதை ஒவ்வொரு தோட்டமும் வரைபடத்தில் எங்கே இருக்கிறது என்ற புவியிடக் குறிப்போடு காட்ட வேண்டும் என்கிறது அது. அமலாக்கம் இரண்டு முறை தள்ளிப்போயிருக்கிறது. காட்டைக் காப்பது சரியானதே. ஆனால் அந்தக் குறிப்புகளைத் தயாரிக்கச் சிறுதோட்டக்காரருக்குக் கைகொடுக்கப்போவது யார் என்பதை நம் நாளேடுகள் அரசிடம் விடாமல் கேட்க வேண்டும்.

நம்பிக்கை தருவது ஆப்பிரிக்கா. கென்யா இன்று நம் முன்னணி வாடிக்கையாளர்களில் ஒன்று. மொம்பாசா வழியாக இறங்கும் எண்ணெய் உகாண்டா முதலான அண்டை நாடுகளுக்கும் போகிறது. செம்பனை பிறந்த மண்ணே மேற்கு ஆப்பிரிக்காதான். 1917இல் கோலசிலாங்கூரின் தென்னமாரம் தோட்டத்தில் இங்கே முதல் வணிகப் பயிராக அதை நட்டார்கள். ஒரு காலத்தில் உலகுக்கே எண்ணெய் அனுப்பிய நைஜீரியா இப்போது வெளியில் வாங்குகிறது. மக்கள்தொகை பெருகும் அந்தக் கண்டத்தில் இந்தோனேசியாவுக்கு முன்பே நாம் காலூன்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. அதற்கான முயற்சிகள் பற்றித் தமிழில் படிக்க எனக்கு எதுவும் கிடைக்கவில்லை.

ஆசிரியர் அவர்களே, என் வேண்டுகோள் சிறியது. வாரியத்தின் மாதக் கணக்கு வரும்போது மொத்த எண்ணிக்கையோடு நின்றுவிடாமல் இந்தியா, சீனா, ஐரோப்பிய ஒன்றியம், ஆப்பிரிக்கா, மேற்காசியா என்று பிரித்து ஒரு சிறு பட்டியல் போடுங்கள். கச்சா எவ்வளவு, சுத்திகரித்தது எவ்வளவு என்பதும் அதில் இருக்கட்டும். இந்தியா வரியை மாற்றும் நாளிலும் இந்தோனேசியா தீர்வையை மாற்றும் நாளிலும் குலை விலைக்கு அதனால் என்ன ஆகும் என்று விவரம் தெரிந்த ஒருவரைக் கொண்டு பத்து வரி எழுதச் சொல்லுங்கள். ஆங்கில, சீன நாளேடுகளைப் படிக்கும் தோட்டக்காரருக்கு இந்தச் செய்தி கிடைக்கிறது. தமிழ் மட்டும் படிக்கிறவருக்கும் அது கிடைக்க வேண்டும். ஜகார்த்தா அடுத்து 50 விழுக்காடு கலக்கும் பி50 பற்றியும் பேசியிருக்கிறது. அடுத்த மாதக் கணக்கிலிருந்தே இதைத் தொடங்க முடியுமா என்பதைத் தெரிவிக்க வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செம்பனைச் சிறுதோட்டக்காரர் ஒருவர்,
தெலுக் இந்தான், பேராக்